தறிக்குச் சேர்த்த சுருதி

என் அறையில் ஆளை விட உயரமான ஒரு டபுள் பேஸ் சுவரில் சாய்ந்து நிற்கிறது. வயலினைப் பார்த்தவர்கள் அதையே பல மடங்கு பெரிதாக நினைத்துக்கொண்டால் போதும். நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது, நான் வயலின்காரன். அது என் நண்பனுடையது. அவன் இறந்து மூன்று வருடமாகிறது. காலையில் கீழ்வீட்டில் விசைத்தறி ஓட ஆரம்பித்ததும் பேஸின் கடைசித் தந்தி தானாக முனகும். முதல் தடவை கேட்டபோது கையிலிருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். இதற்கு விஞ்ஞானக் காரணம் உண்டு என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது? தந்திகளுக்கு இடையில் ஒரு பழைய துண்டைச் செருகி வைத்திருக்கிறேன். அப்படியும் சில நாள் முனகுகிறது. பயமாகத்தான் இருக்கிறது.

நான் ஜாஸ் வாசிக்கிறவன், ஜாஸ் எழுதுகிறவன். மதுரையில், அதிலும் செல்லூரில், இதைச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். என் சித்தப்பா இன்றுவரை "இவன் டான்ஸ் வாசிக்கிறான்" என்றுதான் நாலு பேரிடம் சொல்கிறார். திருத்துவதை நிறுத்திவிட்டேன். வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாண ரிசப்ஷன்களில் சினிமாப் பாட்டு வாசிப்பேன். மிச்ச நேரமெல்லாம் என் மாடி அறையில் ஜாஸ். எங்கள் ஆட்கள் சமயநல்லூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அப்பா அந்த வேலை வேண்டாம் என்று செல்லூருக்கு வந்து தறியில் நின்றார். நான் பிறந்தது தறிக்கு மேல்வீட்டில். இப்போதும் இருப்பது அதே வீட்டில்தான்.

நண்பன் எங்கள் சந்து முனையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். வீடு முனிச்சாலையில். ஒரு நாள் கீழே தறி மோட்டாரைச் சரிபார்க்க வந்தவன், மேலே நான் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, கிரீஸ் கையோடு படியேறி வந்து நின்றான்.

"இது சினிமாப் பாட்டும் இல்ல, கச்சேரியும் இல்ல. என்னாண்ணே இது?"

சொன்னேன். உட்கார்ந்து முழுவதும் கேட்டான். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அடியில ஆள் இல்லாம அந்தரத்துல நிக்குது" என்றான். அதுவரை என் இசையைப் பற்றி உருப்படியாக ஒரு வார்த்தை சொன்னது அவன் ஒருவன்தான். ஆறு மாதம் கழித்து, சென்னையில் சினிமா வாத்தியக்காரர் ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த டபுள் பேஸை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். எங்கள் சந்துக்குள் அதை நாலு பேர் தூக்கி வந்தபோது, யாரோ செத்துவிட்டார்கள் என்று எதிர்வீட்டு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். அன்றைக்கு நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

வாசிக்க எப்படிப் பழகினான் என்று கேட்டால் எனக்கும் சரியாகத் தெரியாது. யூடியூபைப் பார்த்தான், விரல் கிழியும்வரை தேய்த்தான், கிழிந்த இடத்தில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டு மறுபடி தேய்த்தான். இரண்டு வருடத்தில் என்னோடு நிற்க ஆரம்பித்தான். அண்ணே போய் மாப்ள வந்தது. நான் மேல்வரியை மட்டும் எழுதுவேன். அதற்கு அடியில் என்ன வர வேண்டும் என்பதை அவன்தான் கண்டுபிடிப்பான். பத்து வருடத்தில் முப்பது உருப்படிக்கு மேல் செய்தோம். எல்லாவற்றிலும் இசை என்ற இடத்தில் என் பெயர்தான் இருக்கிறது. அவன் கேட்டதில்லை, நானும் கொடுத்ததில்லை.

இங்கே என் காதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாத்திரம் கீழே விழுந்தால் அது என்ன சுரம் என்று சொல்வேன். அடுத்த தெரு மைக் செட்டில் போடும் பாட்டு எத்தனை கட்டை என்று சொல்வேன். தெருவில் எல்லோருக்கும் இது வேடிக்கை. எனக்கு மட்டும் தலைக்கனம். சுருதி சேர்க்க எந்தக் கருவியையும் தொட்டதில்லை. கல்யாண மேடையில் கீபோர்டுக்குச் சேர்த்துக்கொள்வேன், வேறு வழியில்லை. வீட்டுக்கு வந்ததும் வயலினை மறுபடி என் காதுக்கு ஏற்றி வைப்பேன். ஊரில் இருக்கிற கீபோர்டெல்லாம் ஒரு மயிரிழை கீழே நிற்கிறது என்று வருடக்கணக்காகத் திட்டியிருக்கிறேன். நண்பன் என் வயலினைக் கேட்டு அவன் பேஸைச் சேர்த்துக்கொள்வான். என் காதை அவன் அம்புட்டு நம்பினான்.

எங்கள் பகுதியில் மாதம் ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்குத் தறி ஓடாது, தெருவே காது கேட்காதது போல இருக்கும். அப்படி ஒரு நாளில், வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் எங்களை வாசிக்க வைக்கலாமா என்று பார்ப்பதற்காக அங்கே நிகழ்ச்சி நடத்தும் ஒரு தம்பதியை என் அறைக்கு அழைத்திருந்தேன். சத்தமில்லாத நாள் என்பதால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன்.

நண்பன் அந்த வாரம்தான் சுருதி பார்க்கும் சின்னக் கிளிப் ஒன்றை வாங்கியிருந்தான். அதைப் பேஸின் தலையில் மாட்டிக்கொண்டு குழந்தை மாதிரி காட்டினான்.

"மாப்ள, இங்க பாத்தியா, பச்சை லைட்டு எரிஞ்சா சுருதி சுத்தம்னு அர்த்தம்."

"காது இருக்கிறவனுக்கு எதுக்குடா இந்தக் கிளிப்பு?"

சிரித்துவிட்டு அதைப் பார்த்தே நாலு தந்தியையும் சேர்த்தான். ஆரம்பித்தோம். பத்துப் பதினைந்து விநாடிக்குள்ளேயே எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நிறுத்தினேன்.

"கீழ நிக்கிறடா."

"இல்லையே. பச்சைதான காட்டுது?"

"அது பச்சையும் காட்டும், சிவப்பும் காட்டும். ஏத்து."

கிளிப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என்னைக் கேட்டுக்கேட்டு ஏற்றினான். மறுபடி வாசித்தோம். அவன் கை தயங்கியது. தயங்கியதால் விரல் விலகியது. மறுபடி நிறுத்தினேன். மூன்றாவது தடவை எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. வந்தவர்கள் முன்னால் மானம் போகிறதே என்றுதான் என் கவலையெல்லாம்.

"உனக்குக் காது போச்சுடா மாப்ள. மோட்டார் சத்தத்துல போச்சு. போய் டாக்டரப் பாரு."

அந்த அம்மா தரையைப் பார்த்தார். அவர் கணவர் கைபேசியை எடுத்து எதையோ தேடினார். நண்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பிடியா?" என்றான். சண்டை போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் போடவில்லை.

எங்கள் தெருவில் காது போச்சு என்பது சும்மா திட்டுகிற வார்த்தை இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய தறிக்காரர்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். என் அப்பாவுக்கு ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது. நண்பன் அத்தா என்று கூப்பிடும் அவன் அப்பாவுக்கும் கடைசி காலத்தில் பள்ளிவாசலில் பாங்கு சொல்வதே கேட்காமல் போனது. தன் முறை எப்போது என்று ஒவ்வொருவனும் உள்ளுக்குள் பயந்துகொண்டிருக்கும் தெரு அது. அந்தத் தெருவில், பாத்திரத்துக்குச் சுரம் சொல்கிற நான் போய் அவனிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அதன் பிறகு இரண்டு தடவை வந்தான். இரண்டு தடவையும் ஒவ்வொரு சுரத்துக்கும் என் முகத்தைப் பார்த்தான். பிறகு வரவில்லை. ஒரு நாள் டீ குடிக்க அவன் கடைப் பக்கம் போனேன். மோட்டாரை ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதன் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பது அவர்கள் வழக்கம். பேரிங் தேய்ந்திருந்தால் அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது என்பார்கள். அன்றைக்கு அவன் வைத்துக் கேட்டான், மறுபடி கேட்டான், பிறகு ஸ்க்ரூடிரைவரைப் பக்கத்துக் கடைக்காரரிடம் நீட்டினான்.

"அண்ணே, நீங்க கேட்டுச் சொல்லுங்க."

நான் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. அந்த நேரத்தில் என் மனசில் இரக்கம் இருந்தது என்று எழுதலாம். எழுதினால் யார் மறுக்கப்போகிறார்கள்? ஆனால் இருந்தது வேறு. நான் சொன்னது சரியாகிவிட்டது என்ற திருப்திதான் இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில், அவன் இடத்தில் வாசிக்க பேஸ் கிட்டார்காரர் ஒருவரைப் போனில் கூப்பிட்டேன்.

ஒரு வருடத்துக்குள் கடையை மூடிவிட்டு, மச்சான் வைத்திருந்த தார்ப்பாய்க் கடையில் போய் உட்கார்ந்தான். அங்கேயே ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அடக்கத்துக்குப் போனேன். நாற்பது நாள் கழித்து அவன் மனைவி போன் செய்தார்.

"அந்தப் பெருசு வீட்டுல இருக்கிறதப் பாக்க முடியலண்ணே. உங்ககிட்டயே இருக்கட்டும். அவுகளுக்கு உங்களன்னா உசுரு."

அப்படித்தான் அது என் அறைக்கு வந்தது. அவரும் தன் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று சமயநல்லூருக்குப் போய்விட்டார்.

போன வருடம் என் உருப்படிகளை ஒழுங்காகப் பதிவு செய்யலாம் என்று ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். நடத்துகிறவர் நாற்பது வயதுப் பெண்மணி, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். நாங்கள் வாசித்ததையெல்லாம் நான் கைபேசியில் பதிந்து வைப்பது வழக்கம். கரண்ட் இல்லாத அந்த நாளின் பதிவும் இருந்தது. தறிச் சத்தம் இல்லாமல் அவன் பேஸ் தெளிவாகக் கேட்கிற பதிவு அது ஒன்றுதான். அன்றிலிருந்து அதை நான் போட்டுக் கேட்டதில்லை. அதிலிருந்து அவனைப் பிரித்தெடுத்து, அதன் மேல் புதிதாக ஒன்று எழுதலாம் என்று நினைத்தேன். சுருதி கீழே நிற்கும், கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

ஹெட்போனை மாட்டி, அன்றைக்கு முதல் தடவை வாசித்ததைக் கேட்டவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பேஸ் கரெக்டா நிக்குது சார். வயலின்தான் மேல நிக்குது."

"மாத்திச் சொல்றீங்கம்மா."

அவர் பியானோவில் ஒரு கட்டையை அழுத்தி, அதோடு பேஸை விட்டார். இரண்டும் ஒன்றாகப் போய் ஒட்டிக்கொண்டன. அடுத்து வயலினை விட்டார். பல் கூசியது. மற்ற பதிவுகளையும் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டார். எல்லாவற்றிலும் வயலினும் பேஸும் சேர்ந்தே மேலே நின்றன. அவற்றுக்கு அடியில் ஏதோ இருக்கிறது என்று மற்ற சத்தத்தையெல்லாம் குறைத்துவிட்டு அதை மட்டும் கேட்கவிட்டார். ம்ம்ம் என்று ஒரு முனகல்.

"உங்க வீட்டுப் பக்கம் என்ன மிஷின் சார் ஓடுது?"

"தறி."

"ரெண்டு பேரும் அந்த மோட்டாருக்குத்தான் சேந்து நிக்கிறீங்க. இந்த ஒண்ணுல மட்டும் அது இல்ல. அன்னைக்குக் கரண்டு இல்லையா?"

மின்சாரத்தில் ஓடும் அந்த மோட்டார்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுரத்தில் முனகும், அது பியானோவின் எந்தக் கட்டையோடும் சேராது, ஒரு கட்டைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் என்று அவர்தான் விளக்கினார். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். வயலினைத் தறிக்குச் சேர்த்துவிட்டு, என் காது கடவுள் கொடுத்த காது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். தறி நின்ற நாளில்கூட அது என் தலைக்குள் நிற்கவில்லை. அன்றைக்கு அந்த அறையில் சரியாக வாசித்தது அவன் ஒருவன்தான். அவன் காதைத்தான் போய்விட்டது என்று சொன்னேன்.

அந்தப் பதிவின் கடைசியில் என் குரல் இருக்கிறது. போய் டாக்டரப் பாரு. ஸ்டூடியோக்காரர் அதையும் கேட்டார். பிறகு எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

அதற்குப் பிறகு எனக்கு வயலினைச் சேர்க்கவே முடியவில்லை. பிருடையைத் திருகினால் இரண்டு சுரம் கேட்கிறது, அவனுடையது ஒன்று, தறியுடையது ஒன்று. தெருவில் நடந்தால் மாவு மில், தண்ணீர் மோட்டார், ஐஸ்கிரீம் பெட்டி எல்லாம் அதையே முனகுகின்றன. ஒருமுறை டவுன் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பின்னாலிருந்து அவன் "அப்பிடியா?" என்று கேட்டது போலிருந்தது, திரும்பிப் பார்த்தேன். கொய்யாப்பழம் விற்கிற ஒருவர், எம்புட்டு வேணும் என்று என்னைக் கேட்டார்.

அவன் மனைவியிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்று தோன்றியது. கணவனுக்குக் காது போய்விட்டது என்று நம்பிக்கொண்டு ஒரு மனுஷி சமயநல்லூரில் உட்கார்ந்திருக்கிறார். என் மனைவிக்கு அதில் சம்மதம் இல்லை.

"சொல்லி என்ன ஆகப்போகுது? உங்க பாரம் எறங்கணும்னு அந்தப் பிள்ளை தலையில வைக்கப்போறீங்களா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. ஒரு மாதம் ஓடியது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, அவளிடம் சொல்லாமலே பஸ் ஏறினேன். வழி நெடுக வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்றே யோசித்துக்கொண்டு போனேன்.

சமயநல்லூரில் அவர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்கண்ணே, வாங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பக்கத்துக் கடையில் டீ சொன்னார். ஆதார் கார்டோடும் பட்டாவோடும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், விட்டு விட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். தறி மோட்டார், கிளிப், பச்சை லைட், ஸ்டூடியோ. அவர் கை வேலையை நிறுத்தவில்லை. காகிதத்தைக் கவிழ்த்தார், மூடினார், பொத்தானை அழுத்தினார். "அவனுக்குக் காது போகலம்மா. நல்லா இருந்துச்சு. தப்பு என்னுதுதான்" என்று முடித்தேன்.

அப்போது கடையில் வேறு யாரும் இல்லை. அவர் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தார். வீட்டுக் காகிதமெல்லாம் அதில் இருந்தது. நாலு தாளைப் பிரித்து என் முன்னால் வைத்தார். காது பரிசோதனை ரிப்போர்ட்டுகள். நாலு வெவ்வேறு இடம். நாலிலும் கேட்கும் திறன் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தது.

"காது நல்லாருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்ணே."

நான் அந்தத் தாள்களின் தேதிகளைப் பார்த்தேன்.

"ஒவ்வொரு டாக்டர்ட்டயும் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். எல்லாரும் ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னாங்க. அவுக கேக்கல. மிஷினுக்கு என்ன தெரியும், டாக்டருக்கு என்ன தெரியும், அவன் சொல்லிட்டான்ல, அவனுக்குத் தெரியாதான்னாக. மௌத்தாகுற வரைக்கும் அதேதான் சொன்னாக." தாள்களை அடுக்கிக்கொண்டே, "நீங்க வந்து ஒரு வார்த்த, சும்மாவாச்சும், நல்லாருக்குடான்னு சொல்லியிருந்தா போதும். ஒரு தடவகூட வரலையேண்ணே" என்றார்.

நாலு தாளையும் மிஷினில் வைத்து ஒவ்வொரு நகல் எடுத்தார். ஓரத்தில் கிளிப் போட்டு என் கையில் கொடுத்தார். மூலத்தை ஃபைலுக்குள் வைத்து மூடினார். தாள்கள் இன்னும் சூடாக இருந்தன. ஒரு பெரியவர் ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். நான் எழுந்தேன்.

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் வாரேன் என்றுதான் சொல்லுவோம். போறேன் என்ற வார்த்தையை வாசலில் வைத்துச் சொல்ல மாட்டோம். வாய் தவறிச் சொன்னால் வீட்டில் உள்ளவர்களே பதறித் திருத்துவார்கள்.

"வாரேன்மா" என்றேன்.

அவர் ரேஷன் கார்டைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

"வாரேன்னு சொல்லாதீங்கண்ணே. போறேன்னு சொல்லுங்க."

பெரியவர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போறேன்மா" என்றேன்.